தாமதம் யாரிடம் இருக்கிறது?

சென்ற மாதம் இஷாத் தொழுகைக்குப் பின் நம் சங்கத்தார் கூடியிருந்த வேளையில், அன்பர் ஒருவர் எழுந்து நேராகவே ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டார். அவருடைய மனைவி தமிழ்நாட்டிலிருந்து வந்து 16 ஆண்டுகளாகின்றன. மூன்று பிள்ளைகள் இங்கே பள்ளியில் படிக்கிறார்கள். மனைவிக்குப் பிரஜாவுரிமை கோரி மனுச் செய்து ஆறு ஆண்டுகள் சென்றுவிட்டன, பதில் இல்லை. "ஏஜண்டு ஒருவர் எட்டாயிரம் வெள்ளி கேட்கிறார். கொடுத்தால் நான்கு மாதத்தில் காரியம் முடியும் என்கிறார். நமக்கு உரிமையுள்ள ஒன்றைப் பெறுவதற்காகக் கொடுக்கும் பணம் ஹராமாகுமா? மார்க்கம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்" என்றார்.

கூட்டம் மௌனமாயிற்று. பதில் தெரியாத மௌனமல்ல அது. இருந்தவர்களில் பலர் இதே கேள்வியைத் தம் மனத்துக்குள் முன்பே கேட்டுத் தமக்கு வசதியான விடையையும் சொல்லிக்கொண்டவர்கள். நாமும் அதற்கு விலக்கல்ல. ஆகவே கேள்வியை இவ்விதழில் எடுத்துப் பேசுவதென்று முடிவு செய்தோம்.

டெங்கிலில் கடை வைத்திருக்கும் நமக்கு இந்தத் தாமதம் விசித்திரமாகத் தோன்றுகிறது. கெடாவிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் ஜனங்கள் இரவு பஸ் ஏறி வந்து காத்திருக்கும் தேசியப் பதிவு இலாகாவின் தலைமைக் காரியாலயமும், குடிநுழைவு இலாகாவின் தலைமைக் காரியாலயமும் நமக்குப் பக்கத்துப் புத்ராஜெயாவில்தான் இருக்கின்றன. கடையைப் பத்து மணிக்குத் திறந்துவிட்டுப் பகல் சாப்பாட்டுக்குள் போய் வந்துவிடலாம். அந்தப் புத்ராஜெயாவே ஒரு காலத்தில் பால்மரக் காடு. முதல் உலக யுத்தத்தில் போரிட்டுத் திரும்பிய பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921-இல் வெட்டித் திருத்திய தோட்டம் அது. மகா யுத்தத்தின் நினைவாகவே பிராங் புசார் என்று பெயரிட்டார்கள். 1995-இல் அங்கே தலைநகர் வேலை தொடங்கியபோது, பிராங் புசார் முதலிய நான்கு தோட்டங்களின் தமிழ்க் குடும்பங்கள் நம் டெங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டன. தாங்கள் பால் வெட்டிய மண்ணில் எழுந்த கட்டடத்திலேயே தங்கள் பிறப்புக்குச் சான்று கேட்டு வரிசையில் நிற்க நேர்ந்தவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். இவர்களைப் பற்றிப் பின்னால் சொல்லுகிறோம்.

அன்பரின் கேள்விக்கு வருவோம். லஞ்சம் கொடுப்பவனும் வாங்குபவனும் இருவருமே சபிக்கப்பட்டவர்கள் என்னும் நபிமொழியை அறியாதவர் நம்மில் இல்லை. ஸகாத் வசூலிக்கச் சென்று திரும்பிய இப்னுல் லுத்பிய்யா என்பார், ஒரு பங்கைத் தனியே வைத்து அது தமக்கு அன்பளிப்பாக வந்ததென்று சொன்னபோது, தாய் தந்தையர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்ட வரலாறும் தெரிந்ததே. ஆனால் நம் அன்பர் படித்தவர். தம் ஹக்கை அடைய வேறு வழியே இல்லாமல் கொடுக்க நேர்ந்தால், வாங்கியவன்தான் குற்றவாளி, கொடுத்தவன் மன்னிக்கப்படுவான் என்று மார்க்கச் சட்ட அறிஞர் சிலர் சொல்லியிருப்பதை அவர் எடுத்துக் காட்டினார். அப்படிச் சொன்னவர்கள் இருக்கிறார்கள் என்பதை நாம் மறுப்பதற்கில்லை.

அந்தச் சலுகை எங்கே பொருந்தும் என்பதுதான் விஷயம். முதலாவது, அது ஹக்காக இருக்க வேண்டும். மலேசிய அரசியலமைப்பின் 15-ஆம் விதி, பிரஜையின் மனைவி இரண்டாண்டுகள் இங்கே வசித்து, நிரந்தரமாக வசிக்கும் எண்ணமும் நன்னடத்தையும் உடையவராயிருந்தால் பதிவு பெற உரிமையுடையவர் என்று சொல்லுகிறது. 19-ஆம் விதியோ வேறு மாதிரி. 12 ஆண்டுகளில் மொத்தம் 10 ஆண்டுகள் வசித்து, மலாய் மொழியும் போதிய அளவு கற்ற அந்நியருக்கு அரசாங்கம் பிரஜாவுரிமை கொடுக்கலாம் என்கிறது. கொடுத்தே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. கடை வைத்திருக்கும் பலர் இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு, தயவாகக் கேட்க வேண்டியதைக் கடன் வசூலிப்பது போலக் கேட்கிறார்கள். நம் அன்பரின் மனைவியைப் பொறுத்தவரை அவருக்குச் சட்டத்தில் பிடிப்பு உண்டு. அவ்வளவில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்தச் சலுகைக்கு மற்றொரு நிபந்தனையும் உண்டு: மூன்றாம் மனிதனுக்குத் தீங்கு வரலாகாது. இங்கேதான் நம்மவர் கணக்குத் தவறுகிறது. எட்டாயிரம் வெள்ளியால் ஒரு மனு மேலே வருமென்றால், அது எவருடைய மனுவின் மேல் வருகிறது? வரிசை என்பது பொதுச் சொத்து. அதில் ஓர் இடத்தை ஒருவர் விலைக்கு வாங்கினால், விற்றவனுக்குச் சொந்தமில்லாத சரக்கை வாங்கியதாகத்தானே ஆகும்? திருட்டுத் துணி மலிவாக வந்தால் நாம் கடையில் இறக்குவதில்லை. அதை விற்றவனைப் பற்றி மட்டும் பேசி வாங்கிய நம்மை விட்டுவிடச் சொல்வதுமில்லை. நாட்டுச் சட்டமும் அப்படியே. 2009-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம் கொடுத்தவரையும் குற்றவாளியாகவே பார்க்கிறது. அதைவிட அஞ்ச வேண்டியது அரசியலமைப்பின் 26-ஆம் விதி. மோசடியாலோ பொய்த் தகவலாலோ பெற்ற பதிவை எத்தனை ஆண்டு கழித்தும் பறித்துவிடலாம் என்கிறது அது. ஏஜண்டு போட்டுக் கொடுக்கும் ஒரு பொய்க் கடிதம், பெற்றவரின் தலைக்கு மேல் ஆயுள் முழுதும் தொங்கும்.

இதைச் சொன்னபோது ஓர் இளைஞர் குறுக்கிட்டு, "பந்து உதைக்க வந்தவர்களுக்கு மட்டும் சீக்கிரம் கிடைக்கவில்லையா?" என்றார். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. ஏழு வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் குறுகிய காலத்தில் பிரஜைகளாக்கப்பட்டதும், அவர்களுடைய பாட்டன் பாட்டி பிறந்த ஊர் பற்றிய பத்திரங்கள் போலி என்று 2025 செப்டம்பரில் உலகக் காற்பந்துச் சம்மேளனம் தண்டனை விதித்ததும் எல்லோருக்கும் தெரியும். இளைஞரின் மனக்குமுறல் நியாயமானதுதான். ஆனால் அந்தச் செய்தியைப் படித்தபோது நம் வயிறு எரிந்தது எதனால்? நாம் நிற்கும் வரிசையில் வேறொருவர் முன்னே போனார் என்பதனால் அல்லவா? அந்த எரிச்சலை நாமே இன்னொருவர் வயிற்றில் மூட்டலாமா?

ஏஜண்டுகள் எல்லோரும் கெட்டவர்கள் என்றும் நாம் சொல்லவில்லை. பாரத்தை நிரப்பி, தமிழ்ப் பத்திரத்தை மலாயில் மொழிபெயர்த்துக் கொடுத்துக் கூலி வாங்குகிறவர் உழைத்து உண்கிறார், அது ஹலால். "எனக்கு உள்ளே ஆள் இருக்கிறது" என்று சொல்லி வாங்குகிறவர் விற்பது வேறு சரக்கு. சிபார்சிலும் இந்த வித்தியாசம் உண்டு. நற்காரியத்துக்குப் பரிந்து பேசியவருக்கு அதில் ஒரு பங்குண்டு என்றும், தீயதற்குப் பரிந்தவருக்கு அதிலும் பங்குண்டு என்றும் திருமறையின் நான்காம் அத்தியாயம் அறிவுறுத்துகிறது. சட்டமன்ற உறுப்பினரிடம் போய், "ஐயா, ஆறாண்டாகப் பதில் இல்லை, மனுவில் என்ன குறை என்று கேட்டுச் சொல்லுங்கள்" என்பது ஒன்று. "நம்ம ஆள், முன்னால் எடுக்கச் சொல்லுங்கள்" என்பது மற்றொன்று. முதலாவதைக் கேட்பதால் எவருக்கும் நஷ்டமில்லை. அப்படிப் பலர் கேட்டால் வரிசை முழுவதுமே நகரக்கூடும்.

இது நிற்க. மறுநாள் அந்த அன்பரின் கடைக்குப் போய், காகிதக் கட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தோம். காரியாலயத்திலிருந்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கடிதம் வந்திருக்கிறது. திருமணப் பதிவுச் சான்றின் உறுதிப்படுத்திய பிரதி வேண்டுமென்று கேட்டிருக்கிறார்கள். கடிதம் போனது பழைய கடை விலாசத்துக்கு. அன்பர் கடை மாறியபோது வங்கிக்கும் சரக்கு மொத்த வியாபாரிக்கும் புதிய விலாசம் எழுதினார். இந்தக் காரியாலயத்துக்கு எழுத மறந்துவிட்டார். பழைய கடையில் இப்போது இருப்பவர் அதைப் பிரிக்காமல் ஓர் அலமாரியில் போட்டு வைத்திருந்தார். எட்டாயிரம் வெள்ளி அந்த அலமாரியைத் திறந்திருக்காது.

எல்லாத் தாமதமும் இப்படித்தான் என்று நாம் சாதிக்க மாட்டோம். கட்டு முழுமையாக இருந்தும் பத்தாண்டு, பதினைந்தாண்டு காத்திருப்பவர்கள் உண்டு. காரணம் கூறாமல் நிராகரிக்கப்பட்டவர்களும் உண்டு. அதற்காகப் பேச வேண்டியது சங்கங்களின் கடமை. ஆயினும் நாம் பார்த்த கட்டுகளில் பாதிக்கு மேல், தாமதத்தின் தொடக்கம் நம் வீட்டிலோ கடையிலோ இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நிக்காஹ் விஷயத்தைப் பாருங்கள். ஊரில் பள்ளிவாசல் தஃப்தரில் கையெழுத்தாயிற்று, விருந்தும் நடந்தது, ஊரே சாட்சி என்று இருந்துவிடுகிறோம். அல்லாஹ்விடத்தில் அது நிறைவான நிக்காஹ்தான். ஆனால் சிலாங்கூரின் இஸ்லாமியக் குடும்பச் சட்டம், வெளிநாட்டில் நடந்த மணத்தை ஆறு மாதத்துக்குள் இங்கே பதிந்துகொள்ளச் சொல்லுகிறது. பதியாமல் விட்டபின் பிள்ளை பிறந்தால், பெற்றோரின் மணத்துக்குச் சான்றில்லாத பிள்ளையாக அது எழுதப்படும் ஆபத்து உண்டு. அப்படி எழுதப்பட்டால் சட்டம் தந்தையைப் பார்க்காது, தாயைத்தான் பார்க்கும். தாய் அந்நியர் என்றால் பிள்ளையும் அந்நியன். தந்தை மூன்று தலைமுறைப் பிரஜையாக இருந்தாலும் அப்படித்தான். ஒரு நாள் கடையை மூடிவிட்டுப் போய்ப் பதியச் சோம்பியதற்கு, அந்தப் பிள்ளை ஏழு வயதில் பள்ளிக்கூட வாசலில் பதில் சொல்ல வேண்டியதாகிறது.

தலைப்பிரசவத்துக்கு மனைவியைத் தாய்வீட்டுக்கு அனுப்பும் வழக்கமும் அவ்வாறே. கீழக்கரையிலோ கடையநல்லூரிலோ பிள்ளை பிறக்கிறது. தந்தை இந்நாட்டில் பிறக்காமல் பின்னர் பிரஜையானவரென்றால், அந்தப் பிறப்பை ஓராண்டுக்குள் மலேசியத் தூதரகத்தில் பதிந்தாக வேண்டும். சென்னையிலேயே துணைத் தூதரகம் இருக்கிறது. பெயர் சூட்டவும் முடி இறக்கவும் நாள் பார்த்து விமானம் ஏறுகிறவர், இந்த ஓராண்டை எண்ணுவதில்லை. தாய்மார் வெளிநாட்டில் பெற்ற பிள்ளைகளுக்கும் உரிமை தரும் திருத்தம் 2024 அக்டோபர் 17-இல் மக்களவையில் 206 பேர் ஆதரவுடன் நிறைவேறியதை நம்மவர் கொண்டாடினார்கள். அதே திருத்தத்தில், சிவப்பு அடையாளக் கார்டுள்ள நிரந்தரவாசிகளின் பிள்ளைகள் இங்கே பிறந்ததாலேயே பிரஜையாகும் வழியை அடைக்கும் பிரிவும் சேர்ந்தே நிறைவேறியதை எத்தனை பேர் கவனித்தோம்? சிவப்புக் கார்டுடன் "பிறகு பார்ப்போம்" என்றிருக்கும் சகோதரர்கள் இதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

"பிறகு பார்ப்போம்" என்பது நம்மிடம் புதிதாக வந்த நோயல்ல. 1957 ஆகஸ்ட் 31-இல் நாடு சுதந்திரம் அடைந்தபோது, இங்கே பிறந்தவர்கள் ஓராண்டுக்குள் மனுச் செய்தால் மலாய் மொழிச் சோதனையே இல்லை என்று சலுகை இருந்தது. வெளியிலிருந்து வந்து எட்டாண்டு வசித்தவர்களுக்கும் வழி திறந்திருந்தது. நம் பாட்டன்மார் பலர் போகவில்லை. சபுராளிக்கு ஊர்தான் ஊர். இது பெட்டியடி மட்டுமே என்ற எண்ணம். மூன்றாண்டு வியாபாரம், ஆறு மாதம் ஊர், மறுபடியும் கப்பல். 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, 1969-க்குப் பின் பிரஜையல்லாதவருக்குப் பெர்மிட் இல்லாமல் வேலையில்லை என்றானபோது, பல்லாயிரம் தமிழர்கள் மூட்டை கட்டினார்கள். நாகப்பட்டினத்துக் கப்பலில் போய் இறங்கியவர்களுக்கு அங்கேயும் தொழிலில்லை. அவர்களைக் குறை சொல்ல நாம் எழுதவில்லை. எங்கே இறப்போம் என்று தீர்மானிக்க முடியாத மனிதன் எந்த நாட்டுப் பிரஜை என்று தீர்மானிப்பது எளிதல்ல.

இனிச் சொல்லப் போவது கசப்பானது. நம் கடைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பற்றியது. தேநீர் ஆற்றுகிறவர், ரொட்டி போடுகிறவர், துணிக்கடையில் தான் பிரிக்கிறவர் ஆகியோரில் பெர்மிட்டில் வந்தவர்கள் எத்தனை ஆண்டு உழைத்தாலும், பெர்மிட் காலம் பிரஜாவுரிமைக்குரிய வாச காலத்தில் சேர்வதில்லை. அமைச்சர் விசேஷமாக இணங்கினால்தான் சேரும். இங்கே மணம் முடிக்கவும் அந்தப் பெர்மிட் இடம் தராது. இதை முதலாளி அறிவார். அந்தப் பிள்ளை அறியான். "பொறுத்திரு தம்பி, உனக்கு ஐ.சி. எடுத்துத் தருகிறேன்" என்ற ஒரு சொல்லை நம்பிப் பத்தாண்டு குறைந்த சம்பளத்தில் நிற்கிறான். அந்தச் சொல்லைச் சொன்னவருக்கு அது நடக்காதென்று தெரியுமானால், அதை எந்தப் பெயரால் அழைப்பது? எடையில் குறைத்தவரைப் பற்றித் திருமறை ஓர் அத்தியாயமே கூறுகிறது. நம்பிக்கையில் குறைத்துக் கொடுப்பதும் எடை குறைவுதான்.

நிரந்தரவாசம் பெறத் தகுதியுள்ள பழைய ஆட்கள் விஷயத்தில் வேறொரு தந்திரம் நடக்கிறது. இத்தனை ஆண்டு எம்மிடம் வேலை பார்த்தார், நடத்தை நல்லது என்று ஒரு கடிதம் முதலாளியிடம் கேட்கிறார். "நாளைக்கு எழுதித் தருகிறேன்" என்கிறார் முதலாளி. நாளை என்பது நோன்புப் பெருநாளாகிறது, பிறகு ஹஜ்ஜுப் பெருநாளாகிறது. ஏன்? கடிதம் கொடுத்தால் பழைய ஆண்டுகளுக்குச் சேமநிதி கட்டாதது வெளியே வரும். உரிமை கிடைத்தால் எதிர்க்கடைக்குப் போய்விடுவார், அல்லது தாமே கடை போட்டுவிடுவார். புத்ராஜெயாவில் தாமதம் என்று நாம் கூட்டம் போட்டுப் பேசுகிறோம். தாமதம் கல்லாப்பெட்டிக்குக் கீழே மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

மக்காவிலிருந்து வெறுங்கையாய் வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபுக்கு, மதீனாவின் சஅத் இப்னு ரபீஃ தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார். வந்தவர் அதை ஏற்கவில்லை. சந்தைக்கு வழி கேட்டார். இதைப் பயான்களில் கேட்கும்போதெல்லாம் அப்துர் ரஹ்மானின் தன்மானத்தை வியக்கிறோம். வழிகாட்டிய மதீனத்தாரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவர்களும் அதே சந்தையில் பிழைப்பவர்கள். வந்தவர் நெய்யும் பாலாடைக் கட்டியும் விற்றுத் தங்களுக்குப் போட்டியாக வளர்வார் என்று தெரிந்தே வழிகாட்டினார்கள். நம்மிடம் கேட்கப்படுவது பாதிச் செல்வமல்ல, ஒரு தாள் கடிதம். அதற்கே கை நடுங்குகிறது.

திருமறையிலேயே நீண்ட வசனம் எது என்று மதரஸாப் பிள்ளையைக் கேட்டால் சொல்லும்: அல்பகராவில் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனம். எழுதத் தெரிந்தவர் எழுத மறுக்கலாகாது, சாட்சிக்கு அழைக்கப்பட்டவர் வர மறுக்கலாகாது என்று வியாபாரிகளாகிய நமக்கென்றே அமைந்தது போன்ற கட்டளைகள் அதில் இருக்கின்றன. அடுத்த வசனம் சாட்சியத்தை மறைக்க வேண்டாமென்று எச்சரிக்கிறது. மனுதாரருக்கு நாம் செய்யக்கூடிய உதவி பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடுகிறது. உண்மையை எழுதித் தருவது, எழுதியதற்கு நின்று சாட்சி சொல்வது, நேர்காணலுக்குப் போகும் நாளைச் சம்பளத்தோடு விடுவது, மலாய் பேசக் கூச்சப்படும் பெண்களுக்கு மாலையில் ஒரு மணி நேரம் சொல்லித் தர ஏற்பாடு செய்வது. தெரியாததைத் தெரிந்ததாக எழுதாதிருப்பதும் அதில் சேர்ந்ததே. பன்னிரண்டு ஆண்டு வேலை பார்த்தவருக்கு இருபது என்று இரக்கப்பட்டு எழுதுகிறவர், முன்னே சொன்ன 26-ஆம் விதியின் வாயில் அவரைத் தள்ளுகிறார்.

தாமான் பெர்மாத்தாவைப் பற்றிச் சொல்வதாகக் கூறியிருந்தோம். தோட்டத்தில் பிறந்து, பிறப்புப் பத்திரம் எடுக்காமலோ தொலைத்தோ விட்டதனால் சிவப்புக் கார்டோடு முதுமை அடைந்தவர்கள் தோட்டப்புறத் தமிழரிடையே பலர். 1957 சுதந்திர நாளுக்கும் 1962 அக்டோபருக்கும் இடையில் இந்நாட்டில் பிறந்தவருக்குப் பெற்றோர் யார் என்ற கேள்வியே இல்லை, பிறந்ததாலேயே பிரஜை. அப்படிப் பிறந்தவர் கேட்பது தயவல்ல, ஹக். ஆனால் பிறந்ததைக் காட்டக் காகிதமில்லை. 60 வயது கடந்த இந்தியச் சிவப்புக் கார்டுக்காரர்கள் 3,400 பேருக்கு மேற்பட்டோர்க்குப் பிரஜாவுரிமை வழங்குவதாக 2018-இல் அரசாங்கம் அறிவித்தது. அதற்குப் பின்னும் காத்திருப்பவர்கள் உண்டு.

அவர்கள் நம் மார்க்கத்தார் அல்லர். நம் சங்கத்துக்கும் அவர்களுக்கும் என்ன என்று கேட்பவர் இருக்கலாம். நம் கடைகளின் பழைய பேரேடுகளை எடுத்துப் பார்க்கச் சொல்லுகிறோம். தோட்டத்துச் சம்பள நாள் வரைக்கும் அரிசியும் மீனும் சீலையும் கடனுக்குக் கொடுத்து, பெயர், தோட்டம், லயம், மாதம் என்று நம் பெரியவர்கள் தமிழிலேயே எழுதி வைத்த கணக்குகள் அவை. ஒரு பெண் குழந்தை பிறந்த மாதத்தில் அவள் தகப்பன் வாங்கிய பெருங்காயமும் நல்லெண்ணெயும்கூட அதில் இருக்கும். வேறெந்தக் காகிதமும் மிஞ்சாத குடும்பங்களுக்கு, அவர்கள் அந்த ஆண்டுகளில் இங்கேதான் வாழ்ந்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. பேரேட்டுப் பக்கத்தின் பிரதியோடு, 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி சத்தியப் பிரமாண ஆணையர் முன் ஒரு பிரமாணம் எழுதிச் சேர்க்கலாம். அதை ஏற்பதும் தள்ளுவதும் அதிகாரிகளின் முடிவு. கொண்டுபோய் வைப்பது நம் கையில் இருக்கிறது.

வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின், சங்க அறையில் இரண்டு மேஜைகள் போடப்படும். ஒன்று மனுக்கட்டைச் சரிபார்க்க. மற்றொன்று முதலாளிமார் கடிதம் எழுதிக் கையெழுத்திட. முதலாளிமார் கடைத் தாளையும் முத்திரையையும் மறவாமல் கொண்டுவரவும். 1980-க்கு முந்திய பேரேடு எவர் வீட்டு மச்சிலாவது இருந்தால், செல் அரித்திருந்தாலும் பரவாயில்லை, எறியாமல் எடுத்து வரவும்.